முதல் கட்டில்

எங்கள் வீட்டார் கட்டில் கொடுத்தவர்கள். கட்டிலில் படுத்தவர்கள் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் கிழக்குப் பார்த்த வார்டு என் அப்பச்சி, அதாவது என் தகப்பனார், சேவுகன் கட்டிக் கொடுத்தது. வாசல் நிலைக்கு மேல் கருங்கல்லில் அவர் பெயர் இருக்கிறது. உள்ளே இருபது இரும்புக் கட்டில்கள். ஊரில் அதைச் செட்டியார் வார்டு என்பார்கள். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் திருச்சி, வலி வந்தால் மதுரை, அதற்கு மேல் எதுவும் வந்தால் சென்னை. அந்த வார்டில் எங்கள் முதுகு பட்டதில்லை. பொதுவாகவே எங்கள் வீட்டு ஆண்கள் பகலில் முதுகு சாய்ப்பதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிறவன் சொல்லைத்தான் நாலு பேர் கேட்பார்கள் என்பது அப்பச்சியின் எண்ணம்.

அரசு அந்த மருத்துவமனையைப் பல முறை தரம் உயர்த்தியது. ஒவ்வொரு முறையும் ஒரு பெயின்டர் வருவார். வாசல் பலகையில் இருபது படுக்கை முப்பதானது, பிறகு ஐம்பதானது, கடைசியாக நூறானது. உள்ளே கட்டில் இருபதுதான். தலைமை மருத்துவர் உதயசூரியனிடம் இதைப் பற்றி ஒரு முறை கேட்டேன்.

"கட்டில் வேற, படுக்கை வேற ஐயா," என்றார். "கட்டில்ங்கிறது இரும்பு. துருப்பிடிச்சுப் போயிரும். படுக்கைங்கிறது அரசாணை. அதுக்கு அழிவே இல்ல."

படுக்கை ஏற ஏற நோயாளிகள் குறைந்தார்கள். ஒரு காலத்தில் அங்கே கட்டிலுக்கு அடியிலும் ஆள் கிடந்தது. பாம்புக்கடி, வயிற்றுப்போக்கு, பிரசவம் எல்லாம் அங்கேதான். பிறகு மினி பஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, காப்பீட்டு அட்டை வந்தது. பிரசவம் புதுக்கோட்டைக்குப் போனது. எலும்பு முறிவு திருச்சிக்குப் போனது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் காலையில் வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பின. வார்டில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சென்ற தை மாதம் உதயசூரியன் என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, சென்னையிலருந்து ஒரு குழு வருது. அம்பது வருசத்துல மாநிலம் பூரா படுக்கை எப்படி மாறியிருக்கு, ஜனங்க அதை எப்படிப் பயன்படுத்தியிருக்காங்கன்னு ஆய்வு. காலியாக் கெடந்தா படுக்கையைத் தூக்கி வேற ஜில்லாவுக்குக் குடுத்துருவாங்க."

"கட்டிலையா?"

"படுக்கையை ஐயா. கட்டிலைக் காயலான் கடைக்குப் போட்டுருவாங்க."

"கல்லு?"

அவர் மேலே பார்த்தார். "கல்லைப் பத்திரமா எடுத்து வைப்பாங்க. பிணவறைக்குப் பின்னால எடம் இருக்கு."

அப்பச்சியின் பெயர் பிணவறைக்குப் பின்னால் மழையில் நனைவதை நினைத்துப் பார்த்தேன். அதன் மேல் யாராவது ஈரத்துணி உலர்த்துவார்கள் என்பதையும் நினைத்தேன்.

"ஒரு வழி இருக்கு," என்றார் உதயசூரியன். "இருபது பேரு வந்து ஒரு பகல் படுத்தாப் போதும். அவுக ஒங்க வார்டை மட்டுந்தான் பாப்பாங்க. இருபதும் நெரம்பியிருந்தா மிச்சம் எண்பதும் நெரம்பியிருக்குன்னு எடுத்துக்குவாங்க. அது அவுக ஆய்வு முறை. வெளியாளுன்னா எங்கயாச்சும் வாய விட்டுருவான். ஒங்க சனம்னா கட்டுப்பாடா இருப்பாங்க."

கட்டுப்பாடு என்ற சொல்லுக்குப் பிறகு நான் மறுத்துப் பேச முடியாது. சரி என்றேன்.

என் வீட்டுக்காரி சேதுலட்சுமி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் போனதும் வந்தாள்.

"நல்லா இருக்கவுகளக் கூட்டிட்டுப் போயி நோயாளியாப் படுக்க வைக்கப் போறீங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு. நான் வரல."

"ஒரு பகல்தானே."

"ஒரு பகலுன்னாலும் நோய்க்குப் பேரு சொல்லிப் படுக்கிறது தப்பு."

பங்காளிகளை அழைக்கப் புறப்பட்டேன். ஊரில் இருக்கிறவர்களை வீடு வீடாகப் போய் அழைத்தேன். சென்னை, கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நேரில் வந்து முறையாக அழைக்கவில்லை என்று இரண்டு வீட்டார் நோயாளியாக வர மறுத்துவிட்டார்கள். அதில் எனக்கு அவர்கள் மேல் வருத்தமில்லை. முறை முறைதான்.

குழு வருகிற நாள் காலையில் சேதுலட்சுமி சலவை வேட்டியோடு வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"நேத்துலருந்து முதுகுல கல்லு வச்சாப்புல கனக்குது. தாடையெல்லாம் இழுக்குது. திருச்சிக்குப் போயிட்டு வந்துருவமா?"

"குழு போகட்டும். சாயங்காலமே கார் சொல்றேன்."

அவள் வேட்டியை நீட்டினாள். "படுக்கப் போறவுகளுக்குக் கசங்காத வேட்டி எதுக்குன்னுதான் தெரியல. இந்தாங்க," என்றாள்.

வார்டில் முதல் தகராறு கட்டிலைப் பற்றியது. மூத்த வழி என்பதால் முதல் கட்டில் எனக்கு. அடுத்தது என் சித்தப்பா மகன் சந்திரசேகருக்கு. அவன் சென்னையில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தலையணையும் வெள்ளி டம்ளரும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தான். முதல் கட்டிலுக்கு ஜன்னல் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை.

"எனக்குக் காத்து வேணும் அண்ணே. மாத்திக்குவமா?"

"மூத்தவுக முதல்ல. அதுல மாத்தம் கெடையாது."

"சாகுறதுல கூடவா?"

"அதுலயுந்தான்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன்.

அடுத்து தலைமைச் செவிலியர் அருணா வந்தாள். கண்டிப்பான பெண். "எல்லாரும் ஒரு நோய் சொல்லுங்க. நோயில்லாம படுத்தா படுக்கை கணக்குல ஏறாது," என்றாள்.

எல்லாரும் காய்ச்சல் என்றார்கள்.

"ஒரே குடும்பத்துல இருபது பேருக்குக் காய்ச்சல்னா கொள்ளைநோய். ஊருக்கே சீல் வச்சுருவாங்க. பிரிச்சுச் சொல்லுங்க."

இங்கேதான் சிக்கல் வந்தது. எங்களில் பாதிப் பேர் வீட்டில் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். காசநோய் என்று ஒருவர் பெயருக்கு எதிரே ஏறினால் எந்தச் சம்பந்தி வீட்டுப் படியேறுவார்? வலிப்பு கூடாது. தோல் வியாதி கூடவே கூடாது. குடலிறக்கம் கேலிக்கு இடமானது. மூலத்தைப் பெண்கள் இருக்கும் இடத்தில் சொல்ல முடியாது. கடைசியில் நான் தலையிட்டு, குடும்பத்துக்குக் குறைவு வராத நோய்களாகப் பார்த்து வயது வரிசைப்படி பங்கிட்டுக் கொடுத்தேன். மூச்சிரைப்பு, முழங்கால் வீக்கம், கண் மங்கல், பசியின்மை. நெஞ்சுவலியை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் பெரியவனுக்கு அதுதான் பொருத்தம். எல்லாரும் எடுத்த பிறகு குடலிறக்கம்தான் மிச்சம் இருந்தது. காற்று வேண்டும் என்று கேட்டவனுக்கே அதைக் கொடுத்தேன்.

"இதை மனசுல வச்சுக்கிறேன் அண்ணே," என்றான் சந்திரசேகர்.

அருணா ஈ.சி.ஜி. மிஷினை உருட்டி வந்து என் மார்பில் வயர்களை ஒட்டினாள். அந்த மருத்துவமனைக்கு அது ஒன்றுதான். ஆக்சிஜன் சிலிண்டரை மூச்சிரைப்புக்குப் பொருத்தினாள். மிச்சம் பேருக்குக் குளுக்கோஸ் ஏற்றினாள்.

"பொய்யாத்தானே படுத்திருக்கோம். ஊசி எதுக்கும்மா?" என்றார் பசியின்மை.

"ஒங்க நோய்தான் பொய்யி. பாட்டில் நெசம். அதுவும் செலவானாத்தான் அடுத்த வருசத்துக்குக் குடுப்பாங்க. கையைக் காட்டுங்க."

எனக்கு அப்போதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது. நோயாளியாக நடிப்பது நம் கையில் இருக்கிறது. நோயாளியாக நடத்தப்படுவது நம் கையில் இல்லை. என் இருபுறமும் சுகமாக இருந்தவர்கள் ஊசி குத்தப்பட்டு, பாட்டிலோடு கட்டப்பட்டு, மின்விசிறியைப் பார்த்தபடி வரிசையாகக் கிடந்தார்கள். சற்று நேரத்தில் நிஜமாகவே நோயாளிகள் போல ஆகிவிட்டார்கள்.

குழு வந்தது. தலைவர் திலகவதி என்கிற அம்மையார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் கையில் டேப்லெட் கணினியோடு வந்தார்கள். நிரம்பிய வார்டைக் கண்டதும் அம்மையாரின் கண் கலங்கியது.

"இருபதுக்கு இருபது," என்றார். "மூணு மாவட்டம் பாத்துட்டு வரோம் டாக்டர். இப்படி ஒரு ஒத்துழைப்பைப் பாக்கல."

வார்டின் நடுவில் நின்று எங்களுக்கு ஒரு சிறு உரையும் ஆற்றினார்.

"ஒரு காலத்துல நம்ம மாநிலத்துல நோயாளிங்க அதிகம், படுக்கை கம்மி. தரையில படுத்தாங்க. இன்னைக்குப் படுக்கை அதிகம், நோயாளிங்க கம்மி. இதைத்தான் வளர்ச்சின்னு சொல்றோம். ஆனா ஒரு வருத்தம். நாங்க படுக்கையைப் பெருக்கின வேகத்துக்கு மக்கள் நோயைப் பெருக்கல. எங்க பங்கை நாங்க செஞ்சுட்டோம். உங்க பங்கை நீங்கதான் செய்யணும். நீங்க செஞ்சிருக்கீங்க. உங்க நோய்க்கு அரசு சார்பா நன்றி."

டேப்லெட்காரர்கள் கை தட்டினார்கள். குளுக்கோஸ் ஏறாத கையால் படுக்கையைத் தட்டி எங்களவர்களும் கலந்துகொண்டார்கள்.

பிறகு அம்மையார் உதயசூரியனிடம் கேட்டார். "ஆபரேஷன் தியேட்டர் பயன்பாடு எப்படி?"

உதயசூரியனின் முகம் ஒரு கணம் இருண்டது. அவர் பார்வை கட்டில் கட்டிலாகப் போய்க் குடலிறக்கத்தில் நின்றது. "இப்பக்கூட ஒண்ணு தயாரா இருக்கு மேடம்," என்றார்.

இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். சந்திரசேகர் என் பக்கம் திரும்பினான். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. "அண்ணே," என்றான். அதற்குள் வெளியே உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சற்றுப் பொறுத்து, தியேட்டருக்குப் பின்னால் வேலி முறியும் சத்தமும் யாரோ வெறுங்காலோடு ஓடும் சத்தமும் கேட்டன. குழுவினர் அதைக் கவனிக்கவில்லை.

அதே சமயம் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. எதிர்வீட்டு ராக்கனின் ஆட்டோ. அவன் யாரையோ தாங்கிப் பிடித்து இறக்கினான். கருநீலச் சேலை. காலையில் என் வேட்டியோடு நின்றபோது அவள் கட்டியிருந்த சேலை.

வார்டுக் கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். சேதுலட்சுமி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நெற்றியில் முடி நனைந்து ஒட்டியிருந்தது. ராக்கன் அருணாவிடம் பேசியது கேட்டது.

"ஆச்சி கொல்லையில விழுந்து கெடந்தாக. நெஞ்ச அடைக்குதுங்கிறாக. சட்டுனு பாருங்க."

அருணா நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தாள். "டாக்டர், நெசமான நெஞ்சுவலி. கட்டில் வேணும், மிஷின் வேணும்."

எல்லாரும் டேப்லெட்டைப் பார்த்தார்கள்.

"இருபதும் நிரம்பியிருக்கு," என்றார் திலகவதி. "இன்னொருத்தரைச் சேத்தா நூறு சதவீதத்தைத் தாண்டிடும். சாஃப்ட்வேர் ஏத்துக்காது."

"ரெண்டாம் கட்டில் காலியாத்தான இருக்கு," என்றான் கதவருகே நின்ற ராக்கன்.

"அவர் ஆபரேஷனுக்குப் போயிருக்காருப்பா. திரும்பி வந்து எங்க படுப்பாரு?"

"தரையிலயாச்சும் ஒரு பாயப் போட்டு…"

அம்மையார் பதறிப்போனார். "தரையில நோயாளி படுக்கிற நிலையிலருந்து இந்த மாநிலம் எவ்வளவு கஷ்டப்பட்டு வெளிய வந்திருக்குன்னு தெரியுமா? அம்பது வருஷ வளர்ச்சியை ஒரு பாயில சுருட்டச் சொல்றியா?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். உதயசூரியன் விரைந்து வந்து என் தோளை அழுத்தினார். காதருகே குனிந்தார்.

"அசையாதீங்க ஐயா. இப்ப எந்திரிச்சா வார்டும் போச்சு, கல்லும் போச்சு, நானும் போனேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். வந்துரும்."

என் தலைக்கு மேல் சுவரில் அப்பச்சியின் படம். மிஷின் என் நெஞ்சை ஒழுங்காக வரைந்துகொண்டிருந்தது. சுகமான நெஞ்சு. கண்ணாடிக்கு வெளியே சேதுலட்சுமி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. கோபமும் இல்லை. நான் என்ன செய்வேன் என்று தெரிந்தவள் போல மறுபடி தலையைத் தொங்கவிட்டாள்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வயர்களைப் பிடுங்கினேன். மிஷின் கூவியது. கட்டிலை விட்டு இறங்கி நின்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. இங்க படுத்திருக்கிற ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. கல்லக் காப்பாத்துறதுக்காகப் பொய்யா வந்து படுத்திருக்கோம். அவ என் வீட்டுக்காரி. அவளுக்குத்தான் நோயி. அவளை இதுல போடுங்க."

பங்காளிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு சபையில் யாரும் பேசியதில்லை. அம்மையார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெதுவாகப் புன்னகைத்தார்.

"காலையில நெஞ்சுவலியோட சேந்தவர், மதியத்துக்குள்ள எழுந்து நின்னு பேசறார். குறிச்சுக்குங்க. முழுக் குணம். முதல் படுக்கை காலி. இப்ப அந்த அம்மாவைச் சேக்கலாம்."

அவளைத் தூக்கி வந்து முதல் கட்டிலில் கிடத்தினோம். என் மார்பில் இருந்த வயர்களை அருணா அவள் மார்பில் ஒட்டினாள். கோடுகள் வேறு மாதிரி வந்தன. உதயசூரியன் அதைப் பார்த்ததும் அதிகாரியாக இருப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரானார். மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார். மூச்சிரைப்புப் பங்காளி தானே மாஸ்க்கைக் கழற்றி ஆக்சிஜனைக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. புதுக்கோட்டை வரைக்கும் அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திருமயம் தாண்டும்போது பிடி தளர்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

அவள் பிழைத்தாள். அங்கிருந்த பெரிய மருத்துவர் "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா" என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

பங்குனியில் உதயசூரியன் மறுபடி வந்தார். வாசலில் ஜீப் நின்றது. இந்த முறை செருப்பை நிதானமாகக் கழற்றினார்.

"ஐயா, நம்ம வார்டு மாநிலத்துக்கே முன்மாதிரின்னு சொல்லிட்டாங்க. எரநூறு படுக்கையா உயர்த்தியிருக்காங்க. பெயின்டர் நாளைக்கு வாரான்."

"நான் அங்க நின்னு எல்லாம் பொய்யின்னு சொன்னேனே."

"அதுவும் பதிவாயிருக்கு. குணமாகும்போது ஏற்படுற தற்காலிகக் குழப்பம்." அவர் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு சந்தேகந்தான் கேட்டிருக்காங்க. இத்தன நோயாளி. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு எல்லாம் இருக்கு. ஆனா பல வருசமா ஒரு சாவு கூட இல்ல. நோயாளியெல்லாம் நெசந்தானான்னு மேல கேக்குறாங்க. ஒண்ணே ஒண்ணு இருந்தாக் கணக்கு நம்புற மாதிரி ஆயிரும்."

நான் வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தேன்.

"அப்பச்சி பேர எடுத்துருங்க," என்றேன். என் வாயால் அதைச் சொன்னேன். "கல்லைப் பேத்துப் பிணவறைக்குப் பின்னால போடுங்க. எங்களுக்கு அந்த வார்டு வேணாம்."

"கல்லை வேணா நீங்களே எடுத்துக்குங்க ஐயா. பேரு அரசாணையில ஏறிருச்சு. அதுக்கு அழிவே இல்ல." அவர் எழுந்து செருப்பை மாட்டினார். "நாங்க யாரையும் கட்டாயப்படுத்தல. முறை தெரிஞ்ச குடும்பம். அவசரமும் இல்ல. சந்திரசேகர் சார்ட்ட போன்ல பேசினேன். அவரு சந்தோசமா ஒத்துக்கிட்டாரு. அதுலயும் மூத்தவுகதான் முதல்லன்னு நீங்களே சொன்னீங்களாமே."

ஜீப் போயிற்று. சேதுலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கண் இருட்டியது. நாற்காலியில் சாயப் போனேன். அவள் என் தோளுக்குப் பின்னால் கை கொடுத்து நிறுத்தினாள்.

"சாயாதீங்க," என்றாள். "யாராச்சும் பாத்துட்டுப் போயிச் சொல்லிருவாக. நிமிந்து உக்காருங்க."

அன்று முதல் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுபத்தாறு வயதிலும் மனிதர் முதுகு வளையாமல் இருக்கிறார், பரம்பரைக் கம்பீரம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு முதுகு வலிக்கிறது. சாப்பிட்டதும் சற்றுப் படுத்தால் தேவலாம் போலிருக்கும். அப்போதெல்லாம் வீட்டுக்கு முன்னால் போகும் அரிமளம் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். பிறகும் படுப்பதில்லை.